ஏழாவது கண்டெய்னர் நமதில்லை என்று சொன்ன கிருபாபாய் அம்மையாருக்கு

ஆவணங்களை ஆண்ட அம்மையே! அயல்நாட்டார் அடுக்கிய ஐயங்களுக்கெல்லாம் அசராமல் விடையளித்த ஆற்றலே! கையெழுத்தைக் கண்ணெனக் காத்த கண்ணியமே! திருவில்லிபுத்தூரில் ஏறி இராசபாளையத்தில் இறங்கி, முப்பத்தைந்து ஆண்டுகள் பேருந்தின் மேல்கம்பியைப் பிடித்துப் பழகிய பெருமாட்டியே! அருவி சர்ஜிக்கல்ஸ் நிறுவனத்தின் ஏற்றுமதி ஆவணப் பிரிவுத் தலைவர், திருமதி கிருபாபாய் அம்மையாரே! வணக்கம்! வணக்கம்!

அழைப்பை இதோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் இரண்டு பக்கத்துக்கு அடைமொழி கைவசம் இருந்தது. ஆனால் போன வெள்ளிக்கிழமை அம்மையார், மடல் எழுதிக்கொண்டிருந்த இசக்கிமுத்துவின் மேசைக்கே வந்து எச்சரித்துவிட்டுப் போனார். "ஏலே இசக்கி, மேடையில என்னைய நிக்கவச்சு நீவிரு, தாங்களுன்னு புகழ ஆரம்பிச்சே, மாலையக் கழத்தி நாக்காலியில வச்சிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன், பாத்துக்க."

சொன்னால் செய்கிறவர் என்பது முப்பத்தைந்து வருடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே இனி இந்தப் பிரியாவிடை மடல் அவரைப் பார்த்துப் பேசாது. கிருபாபாய் என்று ஒருவர் இருந்தார், அவருக்கு இப்படி நடந்தது என்று நாங்கள் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவோம். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

அந்தக் கிருபாபாய் 1990இல் தட்டச்சராக வந்தபோது இங்கே இருபது தறி, பதினெட்டுப் பேர். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்தோம். மதுரை ஆஸ்பத்திரிகளுக்கும் திருநெல்வேலி மருந்துக் கடைகளுக்கும் அனுப்பினோம். இன்று நூற்றறுபது பேர், கடலுக்கு அப்பால் நாலு நாடு. நடுவில் அவர் அடித்த காகிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இந்த மண்டபத்தின் கூரை இடிக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் பில் என்று அத்தனையிலும் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்தவருக்கு டீ வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அந்த டீயை இதுவரை யாரும் குடித்ததில்லை.

பொறுமையின் பொருப்பு, நேர்மையின் நெருப்பு என்றெல்லாம் இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். பொறுமை விஷயத்தில் பொய் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பேக்கிங் லிஸ்ட்டில் அட்டைப்பெட்டி எண்ணிக்கை ஒன்று தவறினால் அவர் போடும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். திட்டு வாங்காதவர் எவரும் இந்தக் கம்பெனியில் இல்லை, முதலாளி அழகுராஜா உட்பட. நேர்மையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நம் பேண்டேஜை அதிகம் வாங்கும் நாடு ஒன்றோடு நம் நாட்டுக்குத் தடையற்ற வணிக ஒப்பந்தம் வந்தது. நாட்டின் பெயரை இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டதால் விடுகிறோம். அங்கே இறங்கும் நம் சரக்குக்கு அவர்கள் வரி போடமாட்டார்கள்; இங்கே இறங்கும் அவர்கள் சரக்குக்கு நாம் போடமாட்டோம். செய்தி வந்த அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு கட்சி கிளம்பியது.

எதிர்க்கட்சித் தலைவர் தறி ஃபிட்டர் காமராஜ். அவருடைய அண்ணன் பன்னிரண்டு தறி போட்டுச் சட்டைத் துணி நெய்துகொண்டிருந்தவர். பல வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் அந்த ஊர்த் துணி வந்து இறங்கியது. அண்ணன் நெய்து முடிக்கும் விலைக்குக் கடையில் தைத்த சட்டையே கிடைத்தது. ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு பன்னிரண்டு தறியும் பழைய இரும்பாக லாரி ஏறின. காமராஜ்தான் ஸ்பேனர் பிடித்துக் கழற்றிக் கொடுத்தார்.

"வரி இல்லன்னு சொல்லுதாக, எல்லாரும் கை தட்டுதிய. எங்கண்ணன் தறியக் கழத்தும்போது எவன் வந்தான்?" என்று கேட்டார் காமராஜ்.

லாரி ஓட்டுநர் பால்ச்சாமியும் அவர் பக்கம் சேர்ந்தார். மம்சாபுரத்தில் அவருக்கு நாலு ஏக்கர் தென்னை. வெளிநாட்டுப் பாமாயில் வந்துதான் தேங்காய்க்கு விலை இல்லாமல் போனது என்பது அவருடைய நிரந்தரக் குறை. அதே பாமாயிலில் சுட்ட வடை நாலு அவருடைய தூக்குச்சட்டியில் இருந்ததை யாரோ எடுத்துக் காட்டிவிட்டார்கள். "அது வீட்டுக்காரி வாங்குறது, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று அவர் சொன்னதற்குக் கூடமே சிரித்தது.

கிருபாபாய் சிரிக்கவில்லை. காமராஜுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"நீ சொல்றது அம்புட்டும் நெசம், காமராஜ். நம்மளவிட மலிவா செய்றவன் உள்ள வருவான். நம்ம சரக்கு நல்லாருந்தா நாமளும் வெளிய போவோம். கெட்டிக்காரன் பொழச்சுக்கிடுவான். கெட்டிக்காரன் ஆகுறதுக்கு நேரம் கெடைக்காதவந்தான் பாவம். ஒங்கண்ணனுக்கு நேரம் கெடைக்கல. நமக்குக் கெடச்சிருக்கு. அத விட்டுறக் கூடாது."

காமராஜ் எழுந்து தறிக்குப் போனார். அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நாங்களும் நினைக்கவில்லை, ஏனென்றால் அவர் அண்ணன் இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார்.

கிடைத்த நேரத்தை நாங்கள் விடவில்லை. வரி நீங்கியதும் நம் பேண்டேஜ் அந்த நாட்டில் போட்டியாளர் சரக்கைவிட மலிவாயிற்று. முதல் வருடத்தில் மூன்று கண்டெய்னர் போனது, மறுவருடம் எட்டு. புதிதாக நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

ஒரே ஒரு நிபந்தனைதான். வரி இல்லை என்பது இந்தியச் சரக்குக்கு மட்டும். எங்கோ செய்ததை இங்கே கொண்டுவந்து பெட்டி மாற்றி அனுப்பக் கூடாது. எங்கள் துணியைப் பொறுத்தவரை, நூல் நூற்றதும் துணி நெய்ததும் இங்கேயே நடந்திருக்க வேண்டும். அப்படி நடந்தது என்று ஒவ்வொரு கண்டெய்னருக்கும் உறுதிமொழி எழுதி, ஒரிஜின் சர்டிபிகேட் வாங்க வேண்டும். துணிக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று காமராஜ் கேலி செய்வார். அந்த உறுதிமொழியில் கையெழுத்து கிருபாபாயுடையது. பதினோரு கண்டெய்னர், பதினோரு கையெழுத்து.

சென்ற ஆண்டு ஆடி மாதம் அந்த நாட்டுச் சுங்கத் துறையிலிருந்து கடிதம் வந்தது. பதினொன்றையும் சரிபார்க்கப் போகிறோம். ஒவ்வொன்றிலும் எந்த நூல் போனது என்று ஆதாரத்தோடு காட்டுங்கள். அடுத்த மாதம் எங்கள் அதிகாரி நேரில் வருவார் என்று எழுதியிருந்தார்கள். காட்ட முடியாவிட்டால் பதினொன்றுக்கும் சலுகை ரத்து. அதற்குப் பிறகு அங்கே எங்கள் பெயருக்குச் சலுகையே கிடையாது. அங்கே வாங்குகிறவர் அன்றே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். புதிதாக வந்த நாற்பது பேரும் முதலில் வீட்டுக்குப் போவார்கள், மற்றவர்கள் பின்னால்.

கிருபாபாய் பயப்படவில்லை. நூல் வாங்கிய பில் எல்லாம் இருந்தது. ஒரே ஒரு சிக்கல், அதுவும் சிக்கல் என்று அப்போது தோன்றவில்லை. முந்தைய வருடம் பஞ்சு விலை ஏறி, நம் ஊர் மில்களில் நூல் கிடைக்காமல் திண்டாடிய இரண்டு மாதத்தில், முதலாளி கொஞ்சம் வெளிநாட்டு நூல் வாங்கினார். வேறோர் ஒப்பந்தத்தால் அந்த நூல் மலிவாகக் கிடைத்தது. அது நீலக் காகிதக் கோனில், அதாவது கூம்பில் சுற்றி வந்தது. அதை ஏற்றுமதிக்குத் தொடவில்லை. உள்நாட்டு ஆஸ்பத்திரி ஆர்டருக்கு மட்டும் தனித் தறியில் ஓட்டினோம். அதில் தவறே கிடையாது. ஓர் ஒப்பந்தத்தில் வந்த நூல் இன்னோர் ஒப்பந்தத்தில் போகும் துணிக்குள் நுழையாதவரை எல்லாம் முறைப்படிதான்.

ஆய்வுக்கான ஃபைல் முடியப்போகும் தறுவாயில், ஒரு சின்ன விவரம் கேட்பதற்காக அவர் வைண்டிங் ஷெட்டுக்குப் போனார். கோன் சுற்றும் பிரிவின் மூத்த தொழிலாளி பாண்டிசெல்வி, மம்சாபுரத்துக்காரர், பதினாறு வருட அனுபவம். நீள இழையான பாவு ஓட்டி முடித்தபின் ஒவ்வொரு கோனிலும் அடியில் கொஞ்சம் நூல் மிஞ்சும். அந்த மிச்சத்தை எடை போட்டு எங்கே கழிக்கிறீர்கள் என்று கிருபாபாய் கேட்டார்.

"கழிக்கிறதா? யாருக்கா கழிச்சா?" என்று பாண்டிசெல்விக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு மொழம் நூல் வீணாப் போனதில்ல எங்கையில. மிச்சக் கோனு அம்புட்டையும் ஒண்ணாச் சேத்து முழுக் கோனாச் சுத்தி, குறுக்க ஓடுற ஊடைக்குக் குடுத்துருவோம்."

"நீலக் கோன் மிச்சத்தையுமா?"

"அதும் நூலுதானக்கா."

கிருபாபாய் பக்கத்தில் இருந்த நூல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். நீல நூல் ஏற்றுமதித் துணிக்குள்ளும் போயிருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மிச்ச நூலைச் சேர்த்துச் சுற்றுவது நம் வட்டாரத்துத் தறிக்காரர் எல்லாருடைய வழக்கம். வீணாக்காத கை என்று அதற்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். இதே கம்பெனி பாண்டிசெல்விக்கு அதற்காக ஒரு பொங்கலுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்திருக்கிறது. முப்பது வருடமாக உறுதிமொழி, சான்றிதழ் என்று எழுதியவருக்கு, மிச்ச நூல் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

"எந்தெந்த நாள்ல நீலத்தச் சேத்தே, ஞாபகம் இருக்கா?"

பாண்டிசெல்வி சுவரைக் கைகாட்டினார். அங்கே சிவகாசியில் அச்சடித்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. தேதிக் கட்டம் ஒவ்வொன்றிலும், அன்றைக்கு எத்தனை கிலோ மிச்ச நூல் சுற்றியது, எந்தத் தறிக்குப் போனது என்று பென்சிலால் குறித்திருந்தது. நீல மிச்சம் சேர்ந்த நாள்களில் மட்டும் ஒரு நீலச் சுழி. இரண்டு வருடக் காலண்டர் அப்படியே ஆணியில் இருந்தது.

கிருபாபாய் அன்று பிற்பகல் முழுக்க அந்தக் காலண்டரைத் தறிச் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தார். நீலச் சுழி மொத்தம் ஒன்பது. ஒன்பது நாளும் அந்த நூல் மூன்றே தறிகளுக்குத்தான் போயிருந்தது. அந்த மூன்று தறித் துணியும் ஒரே கண்டெய்னரில்தான் ஏறியிருந்தது. அது ஏழாவது. மற்றப் பத்தும் சுத்தம்.

மறுநாள் முதலாளி அறையில் கூட்டம். சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரும் வந்திருந்தார். அவர் சொன்ன யோசனை எளிமையானது. காலண்டரைக் கழற்றிப் பாய்லரில் போட்டுவிடுங்கள். பில் எல்லாம் இந்திய நூலுக்கு இருக்கிறது; அதைக் காட்டுங்கள், போதும். வெளிநாட்டுக்காரருக்கு மிச்சக் கோன் வழக்கம் எங்கே தெரியப்போகிறது?

முதலாளி அழகுராஜா நல்லவர். அன்று பயந்துபோன நல்லவராக இருந்தார். "என்னம்மா செய்றது? நூத்தி அறுபது குடும்பம்" என்றார்.

"அதுனாலதான் சார் சொல்றேன்" என்றார் கிருபாபாய். "பில்லு என்ன சொல்லும்? நாம இந்திய நூல் வாங்குனோம்னு சொல்லும். எதுல போட்டோம்னு சொல்லாது. நீல நூல் வாங்குன பில்லும் நம்மகிட்டதான் இருக்கு, அதையும் கேப்பாக. இது எங்க போச்சு, பத்துல போகலன்னு என்ன நிச்சயம்னு கேட்டா, அந்தக் காலண்டரத் தவிர நம்மகிட்ட வேற எதுவும் இல்ல. பத்தைக் காப்பாத்துறதும் அதுதான், ஏழாவதக் காட்டிக் குடுக்குறதும் அதுதான். ரெண்டுல ஒண்ண மட்டும் கிழிச்சு எடுக்க முடியாது."

"ஏழாவதைக் காட்டிட்டு, அவங்க பதினொண்ணையும் தள்ளிட்டாங்கன்னா?"

"தள்ளலாம். ஆனா நான் பதினோரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். பன்னெண்டாவதா ஒரு பொய்யுல போடமாட்டேன். வேற ஆள வச்சுப் போட்டுக்கோங்க."

அழகுராஜா ஆலோசகருக்குக் காப்பி சொல்லிவிட்டு, அவரை ஸ்டேஷனில் விட்டுவரும்படி பால்ச்சாமியிடம் சாவியைக் கொடுத்தார். முடிவு அதுதான் என்று எங்களுக்குப் புரிந்தது.

செய்தி ஷெட்டுக்குப் பரவ அரைமணி போதுமாக இருந்தது. எல்லாம் பாண்டிசெல்வி செய்த வேலை, நூற்றறுபது பேர் பிழைப்பும் போகப்போகிறது என்று பேசினார்கள். பேசியவர்களில் இந்த மடலை எழுதுகிறவனும் ஒருவன். அதை ஒளிக்க விரும்பவில்லை. பாண்டிசெல்வி மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் கிருபாபாய் நேரே வீட்டுக்குப் போகாமல் மம்சாபுரம் பஸ் ஏறினார்.

வாசலில் நின்றுகொண்டே பேசினாராம். பாண்டிசெல்வி உள்ளே வரச் சொல்லியும் போகவில்லை.

"ஏட்டி, எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு இருக்க?"

"நான் கெடுத்துட்டேன்னு எல்லாரும் சொல்லுதாக. எம் மொகத்த எப்பிடிக் காட்டுவேன்?"

"நீ செஞ்சத எழுதி வச்ச. நான் எழுதுனதச் செஞ்சாங்களான்னு பாக்கல. இதுல யாரு மொகத்த ஒளிக்கணும்? நாளைக்கு வா. வெளிநாட்டுலருந்து வர்ற அதிகாரியம்மா காலண்டரப் பத்திக் கேக்கும்போது நீ பக்கத்துல நிக்கணும். எனக்குத் தனியா நிக்கப் பயமா இருக்கு."

கிருபாபாய் வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்ததாகப் பாண்டிசெல்வி சொன்னபோது எங்களில் பாதிப்பேர் நம்பவில்லை. பாண்டிசெல்வி மறுநாள் வேலைக்கு வந்தார்.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, உயரமான, அதிகம் சிரிக்காத பெண்மணி. கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். மாலை, சந்தனம், பால்கோவா எல்லாம் தயாராக இருந்தது. கிருபாபாய் அவர் கையில் முதலில் கொடுத்தது காலண்டர். உட்காரச் சொல்வதற்கு முன்பே, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஏழாவது கண்டெய்னர் எங்கள் நூல் இல்லை, அதற்குச் சலுகை கேட்க எங்களுக்கு உரிமை இல்லை, கையெழுத்து என்னுடையது, தவறும் என்னுடையது என்று சொல்லிவிட்டார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டதை ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்தோம்.

அதிகாரி காலண்டரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு அறையில் உட்காராமல் வைண்டிங் ஷெட்டுக்கே நடந்தார். பாண்டிசெல்வியைப் பார்த்து, மிச்ச நூலை எதற்காக இப்படி எழுதி வைக்கிறாய், யார் எழுதச் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் சொல்லல" என்றார் பாண்டிசெல்வி. "எழுதலேன்னா எம்புட்டு மிச்சம் புடிச்சோம்னு எனக்கே தெரியாதுல்ல. மத்தவியளுக்குக் காட்டுறதுக்கு இல்ல, எனக்குப் பாத்துக்கிடத்தான்."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதிகாரி காலண்டரில் நாலு தேதியைத் தாமே பொறுக்கினார். அந்த நாலு நாளின் தறிச் சீட்டு, மில் சீட்டு, பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் வரச்சொன்னார். எல்லாம் கிராம் பிசகாமல் ஒத்துப்போயின. இன்னும் நாலு தேதி கேட்டார். அதுவும் ஒத்தது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சாப்பாடு எங்கே என்று கேட்டார். வாழையிலையில் இரண்டு முறை ரசம் வாங்கினார். முடிவை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

நாற்பத்தொரு நாள் காத்திருந்தோம். அந்த நாற்பத்தொரு நாளும் தறி ஓடியது, ஆனால் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கிருபாபாய் திட்டக்கூட இல்லை. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

நாற்பத்திரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்குக் கடிதம் வந்தது. பத்துக் கண்டெய்னருக்கும் சலுகை உறுதி! ஏழாவதற்கு மட்டும் ரத்து. அதற்குரிய வரியைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது! கடைசிப் பத்தியை அழகுராஜா மூன்று முறை உரக்கப் படித்தார்: தங்களுக்கு எதிரான உண்மையைத் தாமே முன்வைத்த நிறுவனத்தின் மற்றப் பதிவுகளை நம்புவதற்கு முழு முகாந்திரம் உள்ளது என்று எழுதியிருந்தார்கள்.

எத்தகைய வெற்றி! எத்தகைய கூச்சல்! தறியெல்லாம் நின்றது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வைண்டிங் ஷெட்டுப் பெண்கள் பாண்டிசெல்வியைத் தூக்கிவிட்டார்கள்; அவர் இறக்கிவிடச் சொல்லிக் கத்தியது வெளி கேட் வரை கேட்டது. பால்ச்சாமி லாரி ஹாரனைக் கையெடுக்காமல் அடித்தார். காமராஜ் ஆவணப் பிரிவு வாசலுக்கு வந்து நின்று, "மேடம், ஒப்பந்தம் நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். நீங்க நல்லவியன்னு சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தறிக்குப் போனார். அந்த வாங்குகிறவர் மூன்றாண்டு ஆர்டர் கொடுத்தார். மம்சாபுரம் ரோட்டில் இரண்டாவது ஷெட் எழும்பியது, அங்கே இன்று நூல் இனம் பிரிக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர் பாண்டிசெல்வி. மிச்சக் கோனை இன்றும் யாரும் வீணாக்குவதில்லை. எந்த மிச்சம் எதனோடு சேரலாம் என்று மட்டும் பார்த்துச் சேர்க்கிறோம்.

நாடுகள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களால் இங்கே சிலருக்கு வாழ்வு வந்தது, சிலருக்குத் தறி போனது. இரண்டையும் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். யாருக்கு என்ன வரும் என்பதைத் தலைநகரங்களில் தீர்மானிக்கிறார்கள். நம் கைக்குள் இருப்பது நாம் போடும் கையெழுத்து ஒன்றுதான் என்று கிருபாபாய் நினைத்தார். அந்த நினைப்பில் நூற்றறுபது வீட்டு உலை கொதிக்கிறது.

கதை இங்கே முடிந்ததாகத்தான் போன செவ்வாய்க்கிழமை வரை நினைத்திருந்தோம். அன்று அவருடைய அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, அந்த ஆய்வு ஃபைலின் கடைசி உறைக்குள் ஒட்டாத ஒரு கவர் கிடைத்தது. உள்ளே அவர் கையால் எழுதிய கடிதம். தேதி, அதிகாரி வருவதற்கு முந்தைய நாள். அவரைக் கேட்காமல் அதை இங்கே படிக்கிறோம். திட்டு வாங்கத் தயார்.

"மதிப்பிற்குரிய ஐயா, ஏழாவது கண்டெய்னருக்கு உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டவள் நான். மிச்ச நூல் எங்கே போகிறது என்று கேட்க வேண்டியதும் நான், கேட்கவில்லை. பாண்டிசெல்வி தனக்குச் சொல்லிக்கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்தாள். சலுகை போய், ஒருவர் வெளியே போகவேண்டி வந்தால் அது நானாக இருக்கட்டும். இதையே என் ராஜினாமாவாக ஏற்று, அவளை வேலையில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கிருபாபாய்."

அம்மா! இப்போது உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறோம். பஸ்ஸுக்கு எழுந்திருக்காதீர்கள். முன்வரிசை நாற்காலிக்கு இரண்டு பக்கமும் ஆள் போட்டிருக்கிறோம்.

நாற்பத்தொரு நாளும் இந்தக் கவரை அந்த ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு நீங்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைப் பாண்டிசெல்வியிடம் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, பேனா கேட்டார். "ஏற்கமாட்டோம்" என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் காமராஜ் போட்டார், பால்ச்சாமி போட்டார், நாங்கள் எல்லாரும் போட்டோம். இடம் போதாமல் பின்பக்கமும் நிறைந்தது. கடைசியாக முதலாளி அழகுராஜா, "ராஜினாமா நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிக் கம்பெனி முத்திரை குத்தினார். இந்த மடலோடு அதுவும் அதே கண்ணாடிக்குள் இருக்கிறது.

கூட்டம் இல்லாத பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை உங்களுக்கு என்றும் வாய்க்கட்டும்! அச்சுப் பிழை தேடும் கண்ணுக்குக் கண்புரை அண்டாதிருக்கட்டும்! திட்டும் குரல் தேயாதிருக்கட்டும்! நோயில்லாமல், பேரன் பேத்தியோடு, நீண்டு நிறைந்து வாழ்க!

அம்மா, நீங்கள் போவதற்கு எழுதிய கடிதத்தை நூற்றறுபது பேர் சேர்ந்து தள்ளுபடி செய்துவிட்டோம். அறுபது வயதை மட்டும் எங்களால் தள்ளுபடி செய்ய முடியவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்று உங்களை அனுப்புகிறோம்.

இவண்,
உங்களிடம் திட்டு வாங்கிய
அருவி சர்ஜிக்கல்ஸ் தொழிலாளர்கள், அலுவலர்கள்,
இராசபாளையம் முதல் ஷெட், மம்சாபுரம் ரோடு இரண்டாவது ஷெட்.

முதல் கையெழுத்து: பாண்டிசெல்வி
எழுதியவர்: இசக்கிமுத்து, அனுப்புகைப் பிரிவு